பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல

தலைய ஆட்டாத நில்டோ, ஆட்டாத. தாடைக் கட்டு நழுவிச்சுன்னா அந்த நர்ஸம்மா என்னத்தான் வெளிய தள்ளும். கண்ண மட்டும் சிமிட்டு, போதும். ஆமான்னா ஒரு தடவ, இல்லன்னா ரெண்டு தடவ. அப்படித்தான் உன்கிட்ட பேசணும்னு கீழ சொல்லி அனுப்பினாங்க. நான் யாருன்னு தெரியுதில்ல? எல்வியோ. பெய்ரானோ பட்டறையில கியர் பாக்ஸ் பாக்குறவன். ம், தெரியுது. சரி.

இது என்னது, கிண்ணத்துல? பூசணிக் கூழா? இத குழாய் வெச்சு உறிஞ்சணுமாக்கும். ச்சை. உங்க பண்ணையில கன்னுக்குட்டிக்குக் கூட இதவிட நல்லதா ஊத்துவீங்க. மூடி வெக்கிறேன் இரு, வாடையே ஒரு மாதிரி இருக்கு. அதுக்கு மேல அந்த மருந்து வாடை வேற. இந்தப் பக்கம் பாத்தா பதினாலு மாதா படம். ஊரு கிளப்புக்காரங்க கொண்டாந்ததா? தெரியும் எனக்கு. வாயத் தொறக்க முடியாத மனுசனுக்கு ரெண்டு டப்பா பிஸ்கட்டு வேற வாங்கிட்டு வந்திருக்கானுங்க. கடைசியில அவனுங்களே உக்காந்து தின்னுட்டுத்தான் போயிருப்பானுங்க. பாத்தியா, சிமிட்டுற. அந்த ஜனங்களப் பத்தி நெனச்சாலே எனக்குக் குமட்டுது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரொம்ப நேரம் உக்கார விட மாட்டாங்க.

உன் அக்கா விஷயம்.

மொகத்த அந்தப் பக்கம் திருப்பாத. கேளு. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது, வாயில குழாய் சொருகுறதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொன்ன. இல்டா தூசி ஊதல, அவதான் ஊதலன்னு. நாலு பேர் காதுல விழுந்துச்சு. அந்த நாலு பேரு போதாதா? மறுநாள் காலையில நம்ம கொலோனியா ஊரு பூரா அதுதான் பேச்சு. இல்டா கிராவெரோ புல்லுக்கட்டு மிஷின சுத்தம் பண்ணல, தம்பிய எரிச்சுட்டான்னு. ரொட்டிக் கடையில அவ உள்ள நுழைஞ்சா பேச்சு நின்னு போவுது. நான் கண்ணால பாத்தேன். மூணு பொம்பளைங்க, மூணு பேர் வீட்டுக்கும் உன் அக்கா பால் கொடுத்தவ, மூணும் அலமாரியில இருக்குற ரொட்டிய எண்ணிட்டு நிக்குதுங்க. த்தூ.

அவ ஊதினா நில்டோ. அதச் சொல்லத்தான் வந்தேன். முப்பது கட்டுக்கு ஒரு தடவ நிறுத்திட்டு, பிக்கப்பு வண்டியில இருக்குற கம்ப்ரஸர்லேருந்து குழாய இழுத்துட்டு வந்து ஊதுவாளாமே? அன்னைக்கும் ஊதியிருக்கா. எப்படித் தெரியும்ங்கிறியா? எரிஞ்ச மிஷினுக்கு அடியில சிக்கி அந்தக் காத்துக் குழாயோட வாயி கெடந்துச்சு, உருகி. குழாய சுருட்டக்கூட நேரமில்ல அவளுக்கு, நீ அதுக்குள்ள டிராக்டர எடுத்துட்ட. சரிதானே? ம். நீ எப்பவுமே அவசரக்காரன்தான்.

தீ தூசியால வரல. தூசி பத்திக்கிச்சு, அது வேற. பத்த வெச்சது கியர் பாக்ஸ்.

புதன்கிழமை இன்சூரன்ஸ்காரன் வந்தான். டை கட்டிக்கிட்டு, இந்த வெயில்ல. எரிஞ்ச பெட்டிய பட்டறை மேசையில தூக்கி வெச்சு என்னத்தான் தொறக்கச் சொன்னான். தொறந்தேன். உள்ள எண்ணெய் இல்ல, தாரு. கருகி ஒட்டிக் கெடக்கு. நாத்தம்னா நாத்தம், செத்த எலிய அடுப்புல போட்டாப்புல. அந்த டைக்காரன் ஓடிப்போய் வாசல்ல நின்னுக்கிட்டான். பல்சக்கரம் ரெண்டும் நீலம் பாஞ்சு போயிருக்கு. இரும்பு எப்ப நீலம் பாயும்? சும்மா பாயாது. உள்ளயே வெந்திருக்கு. வெளிய எரிஞ்ச தீயில இல்ல, அதுக்கு முன்னாடியே, பல்லும் பல்லும் ஒண்ண ஒண்ணு தேச்சுத் தேச்சு வெந்திருக்கு.

உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். கட்டு மிஷினோட பெட்டியில ரெண்டு பல்சக்கரம். டிராக்டர்லேருந்து வர்ற ஷாஃப்டுல சின்னது. அத அந்தப் பக்கமா திருப்பி விடுறது பெரிசு. ரெண்டும் கோத்து ஓடும். ஆனா இறுக்கமா கோத்து ஓடக்கூடாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல ஒரு இடம் விடணும். 'ப்ளே'ன்னு சொல்லுவோம். சிகரெட் சுத்துற பேப்பர எட்டா மடிச்சா எம்புட்டு கனம் வருமோ, அம்புட்டுதான். எண்ணெய் உள்ள போறதுக்கு. சூடானா இரும்பு வீங்கும், அது வீங்குறதுக்கு. சின்னத ஒரு கையால அமுக்கிப் புடிச்சுட்டு, பெரிச இப்படி லேசா அசைச்சா, டிக்குன்னு ஒரு சின்ன சத்தம் வரணும். டொக்குன்னு வந்தா ஜாஸ்தி. சத்தமே இல்லன்னா ஆபத்து. முப்பத்தோரு வருசமா அந்த டிக்கத்தான் நான் கேட்டுக்கிட்டிருக்கேன். என் பொண்டாட்டி கூப்பிட்டாக் கூட எனக்குக் கேக்காது, அது கேக்கும்.

அந்த இடத்த எப்படி வெக்கிறது? ஷிம்மு. வளையம் மாதிரி மெல்லிசு தகடு. பேரிங் கூட்டுக்கு அடியில ரெண்டோ மூணோ போட்டா பெரிய சக்கரம் தள்ளிப் போவும். எடுத்துட்டா கிட்ட வரும். அவ்வளவுதான் வித்தை. ஈயக் கம்பிய பல்லுக்கு நடுவுல விட்டு ஒரு சுத்து சுத்தினா கம்பி நசுங்கும். நசுங்கின கனத்த அளந்து பாத்து ஷிம்ம கூட்டிக் கொறைக்கணும். மூணு தடவ, நாலு தடவ கழட்டி மாட்டணும். முதுகு ஒடிஞ்சிரும்.

உங்க மிஷின் பெட்டியில நாலு ஷிம் இருக்கணும். புதன்கிழமை தொறந்தப்ப ரெண்டுதான் இருந்துச்சு.

கண்ண அப்படி உருட்டாத. சொல்றேன்.

அந்த மிஷினு யாருகிட்டேருந்து வந்துச்சு? கூலிக்கு அறுவடைக்குப் போற கோஷ்டி ஒண்ணு, தெற்கேருந்து. ஆறு சீசன் அடிச்சு நொறுக்கிட்டு, பெய்ரானோகிட்ட கொடுத்துட்டு புதுசு எடுத்துட்டுப் போனானுங்க. ஷாஃப்ட கையால சுத்தினா பெட்டிக்குள்ள டொக்கு டொக்குங்குது. பல்லு தேஞ்சு நடுவுல குழி விழுந்திருக்கு. அதுக்கு ஒரே வழி, ஜோடியா புதுப் பல்லு மாத்தணும். அது ரெண்டு நாள் வேலை. ஆனா சத்தத்த நிறுத்துறதுக்கு ரெண்டு மணி நேர வேலை ஒண்ணு இருக்கு. ரெண்டு ஷிம்ம உருவிடு. தேஞ்ச பல்லு நெருங்கி வந்துரும். ஆறின இரும்புல சுத்திப் பாரு, பூனை மாதிரி ஓடும். ஆனா தேஞ்சது நடுவுலதானே? ஓரம் தேயல இல்ல. ஓரமும் ஓரமும் கடிச்சுக்கும். பனிக்காலத்து வெயில்ல, லேசான புல்லுல பத்து நாள் தாங்கும். ஜனவரிக் கோடையில, வடக்கத்தி அனல் காத்து அடிக்கிறப்ப, தொடை உசரத்துக்குக் குதிரைமசால் வரிசை கெடக்குறப்ப? நீதான் பாத்தியே.

விக்கிறதுக்காக அப்படிப் பண்றது. கேவலமான வேலை. பெயிண்டு அடிச்சு, டயருக்கு மை பூசி, பல்ல நெருக்கி, வாங்குறவன் காத ஏமாத்துறது. வாங்குறவனும் லேசுப்பட்டவன் இல்ல, காதுதான் பெரிய டாக்டருன்னு நெனச்சுக்கிறான். நீயும்தான். அந்த சனிக்கிழமை வந்து ஷாஃப்ட ஒரு சுத்து சுத்திட்டு, அக்காவப் பாத்து சிரிச்ச. நல்ல மிஷினு இல்டா, சத்தமே இல்லன்ன. நான் வாசல்ல கைய தொடச்சுக்கிட்டு நின்னேன்.

யாரு உருவினதுன்னு கேக்குறியா?

நான்தான். வேற யாரு? அந்தப் பட்டறையில பெட்டி தொறக்குறது நான் ஒருத்தன்தானே. பெய்ரானோ சொன்னான், நான் உருவினேன். எல்வியோ, சத்தம் போனாப் போதும், சனிக்கிழமை ஆளு வருதுன்னான். சம்பளக்காரன் நான், என்ன பண்ணுவேன்? பாரு, பாரு என்ன. பாக்கணும்னுதான் வந்தேன். நீ எழுந்து அடிக்க முடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுதான் வந்தேன்னு கூட வெச்சுக்க.

ஆமா, இதோ போயிடறேன் சிஸ்டர். அஞ்சு நிமிசம். இல்ல இல்ல, பேச வெக்கல. நான்தான் பேசுறேன்.

போயிட்டாங்க. இன்னும் ஒண்ணு கேளு. இல்டா ரெண்டு தடவ பட்டறைக்கு போன் பண்ணினா. டிசம்பர்ல ஒரு தடவ, உங்களுக்குத் தீப்பிடிக்கிறதுக்கு மூணு நாள் முன்னாடி ஒரு தடவ. பெட்டி மேல கை வெக்க முடியல எல்வியோ, எச்சி துப்பினா பொரியுதுன்னா. அதுக்குப் பட்டறையிலேருந்து என்ன பதில் போச்சு தெரியுமா? புதுப் பல்லு போட்டிருக்கு, அப்படித்தான் இறுக்கமா இருக்கும், போகப் போக சரியாயிடும்னு. கேவலம். என் வாயாலதான் சொன்னேன். பெய்ரானோ அப்படிச் சொல்லச் சொன்னான். அவ உன்கிட்ட சொன்னாளா, போன் பண்ணினேன்னு? சொல்லல. ஏன்னு நெனைக்கிற? நீ மறுபடி மிஷின நிறுத்தி வெச்சுட்டு திட்டுவேன்னு. மழை வருதுன்னு ரேடியோவுல சொல்லிட்டான், புல்லு தரையில கெடக்கு. அவ தினமும் ஊதுனா, அடிக்கடி ஊதுனா, அவளால முடிஞ்சது அதுதான்.

அன்னைக்கு நடந்தத அவதான் எனக்கு சொன்னா. நேத்து அவ வீட்டுக்குப் போயிருந்தேன். உன் பின்னாடி புகை வர்றத அவ முதல்ல பாத்துட்டு பிக்கப்பு ஹார்ன அமுக்கிட்டே ஓட்டிட்டு வந்தாளாம். நீ இறங்கிட்ட. இறங்கினவன் அப்படியே ஓடியிருக்கலாம். இல்ல, டிராக்டர காப்பாத்தணும். மிஷின மாட்டியிருக்குற பின்ன உருவிக் கழட்டணும்னு மறுபடி உள்ள போன. விட்டுடு நில்டோ, விட்டுடுன்னு கத்தினாளாம். எண்ணெய்க் குழாய் வெடிச்சதும் உன்ன சட்டையப் புடிச்சு இழுத்து மண்ணுல உருட்டினது யாருன்னு நெனச்ச? அண்டை நிலத்துக்காரன்னா? அவன் வர்றதுக்கு இருபது நிமிசம் ஆச்சு. அவளோட உள்ளங்கை ரெண்டும் துணி சுத்தியிருக்கு. உன்கிட்ட யாரும் சொல்லல பாரு. சொல்ல மாட்டானுங்க. பிஸ்கட் தின்னவனுங்க.

அழாத. கட்டு நனையும்.

அப்புறம் அந்த பெய்ரானோ இருக்கானே. இன்சூரன்ஸ்காரன் முன்னாடியே கேட்டேன், ரெண்டு ஷிம்ம எடுக்கச் சொன்னது நீதானேன்னு. அழுதுட்டான்யா. அறுபத்தஞ்சு வயசு ஆளு, கழுத்துல தங்கச் சங்கிலி, மூக்கு ஒழுக ஒழுக அழுவுறான். நான் சொல்லவே இல்ல, எங்கம்மா மேல ஆணை, நான் புதுப் பல்லு வாங்கிக் கொடுத்தேன், பில்லு இருக்கு பாருன்னு காகிதத்த நீட்டுறான். காகிதம் யாரு வேணா அடிக்கலாம். அப்ப அந்தப் பல்லு எங்கடான்னு டைக்காரன் கேக்குறான். இவன் என்னப் பாக்குறான். நான் தோள குலுக்கினேன். முந்தாநேத்து கிளப்புல சீட்டு மேசையில உக்காந்து எல்லாத்தையும் நான் சொன்னேன். எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டு கேட்டானுங்க. அதுவரைக்கும் இல்டா இல்டான்னவனுங்க, ஒரே நிமிசத்துல பெய்ரானோ பெய்ரானோன்னு மாறிட்டானுங்க. அன்னைக்கு சாயங்காலமே எவனோ அவன் கடைக் கண்ணாடியில செங்கல்ல விட்டுட்டான். அவன் பொண்டாட்டி தொடப்பத்த வெச்சு கண்ணாடித் தூளக் கூட்டிக்கிட்டிருந்தா. நான் எதிர்ப்பக்கம் நடந்து போனேன்.

போகட்டும், அத விடு. நான் கேக்குறது ஒண்ணுதான். இல்டா கீழ உக்காந்திருக்கா. பதினோரு நாளா வர்றா, நீ மொகத்தத் திருப்பிக்கிறேன்னு மேல அனுப்ப மாட்டேங்குறாங்க. வரச் சொல்லட்டா?

ஒரு தடவதானே சிமிட்டின? இன்னொரு தடவ காட்டு. சரி. சிஸ்டர்! சிஸ்டர், கீழ அவரு அக்கா இருக்காங்க, வரச் சொல்லுங்க. ஆமா, அவரேதான் கேக்குறாரு. நீங்களே வந்து கேட்டுப் பாருங்க. நன்றிம்மா.

வந்துருவா. லிஃப்ட்டு ரிப்பேரு, படியேறித்தான் வரணும். இந்த ஆஸ்பத்திரியில எதத்தான் ஒழுங்கா வெச்சிருக்கானுங்க.

என்ன பண்ற? கைய ஏன் தூக்குற? வலிக்கும், வெச்சுக்க. வேணாம்ப்பா... என் கை மேல எதுக்கு வெக்கிற? இவ்வளவு பெரிய கட்டோட. இல்ல நில்டோ. எடு. நீ என்ன நெனக்கிறேன்னு புரியுது, சம்பளக்காரன், பாவம், முதலாளி சொன்னான் செஞ்சான், இப்ப மனசாட்சி தாங்காம வந்து சொல்றான்னு நெனக்கிற. ஒரு தடவ சிமிட்டுற வேற. சிமிட்டாத. கைய எடுத்துரு, கெஞ்சிக் கேக்குறேன். எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

பெய்ரானோ சொல்லல.

அவன் ஒண்ணுமே சொல்லல. புதுப் பல்லு வாங்கித்தான் கொடுத்தான், ஜோடியா, எண்ணெய்க் காகிதத்துல சுத்தி. திங்கக்கிழமை வந்துச்சு. அந்த வாரம் பூரா நான் அதத் தொடல. வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து, எல்வியோ, பெட்டி முடிஞ்சுதான்னு கேட்டான். முடியப் போவுதுன்னேன். மணி நாலு. அஞ்சு மணிக்கு கிளப்புல போச்சாஸ் குண்டு உருட்டுற போட்டி, நானும் ட்ராங்கெரோவும் ஜோடி. ரெண்டு நாள் வேலைய எவன் அப்ப தொடங்குவான்? ரெண்டு ஷிம்ம உருவினேன், சத்தம் நின்னுது, மூடினேன், கை கழுவினேன். திங்கக்கிழமை தொறந்து ஒழுங்கா மாத்திக்கலாம்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். சனிக்கிழமை காலையில நீங்க ரெண்டு பேரும் வந்து நின்னீங்க. பெய்ரானோ உங்ககிட்ட புதுப் பல்லு போட்ட பெட்டின்னு பெருமையா சொல்றான், பாவி, அவன் அத நம்பித்தான் சொல்றான். இல்டா என் பக்கம் திரும்பி, போட்டாச்சா எல்வியோ, நீ சொன்னாத்தான் வாங்குவேன்னா. போட்டாச்சுன்னேன்.

அந்தப் பல்லு ரெண்டும் என் வீட்டுல இருக்கு. கோழிக்கூண்டுக்குப் பின்னாடி, காகிதம் பிரிக்காம. அன்னைக்கு ராத்திரியே தூக்கிட்டுப் போயிட்டேன்.

போட்டியில முதல் ஆட்டத்துலயே தோத்துட்டோம். அது வேற.

ம். இப்ப எடுத்துட்டியா கைய. நல்லது. அதுதான் சரி.

படியில சத்தம் கேக்குது, இல்டாதான். செருப்ப அப்படித்தான் இழுத்து இழுத்து வைப்பா. அவளுக்கும் நேத்து பெய்ரானோ கதையத்தான் சொல்லிட்டு வந்தேன். எனக்கு மாத்தே டீ போட்டுக் கொடுத்தா, அந்தத் துணி சுத்தின கையால. குடிச்சுட்டு வந்தேன்.

இல்ல, நான் போகல. நாற்காலிய அவளுக்குக் கொடுத்துட்டு நின்னுக்கிறேன். உன்னால பேச முடியாது. நான்தான் சொல்லணும், முதல்லேருந்து.

வா இல்டா. உள்ள வா, உக்காரு.